90 நாளில் அங்ககச் சான்றாம்! ரூ. 46,000 போச்சு, உஷார்

ஏமாத்தின ஆள் பேரைக் கேட்காதீங்க, போட மாட்டேன். 'சான்றிதழ் ஆலோசனை'ன்னு போர்டு வச்சிருக்கிற ஆள், அவ்வளவுதான். என் நாலு ஏக்கர் மஞ்சளுக்கு 90 நாளில் அங்ககச் சான்று, அதாவது ஆர்கானிக் சர்டிபிகேட், மொத்தம் ரூ. 46,000. முப்பதாயிரம் முன்பணம், மீதி சான்று வந்ததும்.

நம்பினது எதனாலன்னா, வயலுக்கு வந்த ஆள் விஷயம் தெரிஞ்சவர். வடக்கு வரப்பில் நின்னு, பக்கத்துப் பருத்திக்கு மருந்தடிச்சா காத்து இந்தப் பக்கம் தள்ளுமான்னு கேட்டார். டேப்பை இழுத்து இடைவெளி அளந்தார். தெளிப்பான் இரவல் போகுதா, மஞ்சள் பிடிக்கிறது புதுச் சாக்கா, பழைய யூரியாச் சாக்கான்னு துருவினார். நிஜ ஆய்வாளரும் இதையேதான் கேட்பார். கேட்காம விட்டது ஒண்ணே ஒண்ணு: பழைய வருஷத்துப் பண்ணைக் குறிப்பேடு. அங்கேயே உறைச்சிருக்கணும். என்பிஓபி (மத்திய அரசோட அங்கக உற்பத்தித் திட்டம்) விதிப்படி ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன்னாடி 2 வருஷம், பல்லாண்டுப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன்னாடி 3 வருஷம் மாறுதல் காலம் உண்டு, அதாவது அங்கக முறைக்கு மாறி அத்தனை வருஷம் ஓட்டணும். அதைக் குறைக்கலாமான்னு பதிவேட்டைப் பார்த்து முடிவு பண்றது சான்றளிக்கிற நிறுவனம், இடைத்தரகர் இல்லை.

வாட்ஸப்பில் பிடிஎஃப் வந்துச்சு, மீதிப் பணமும் போச்சு. அந்த ஸ்கோப் சான்றிதழ் (யாருக்கு, எந்தப் பயிருக்குச் சான்றுன்னு சொல்ற தாள்) போலிகூட இல்லை, அதுதான் வயித்தெரிச்சல். வேற ஏதோ ஒரு விவசாயிகள் குழுவோடது. பயிர்ப் பட்டியலில் மஞ்சள் இருக்கு. உறுப்பினர் பட்டியல் பக்கத்தை மட்டும் காணோம். குழுச் சான்று குழுவுக்குத்தான் சொந்தம். உறுப்பினரே தனியா விற்கும்போது அதைக் காட்ட முடியாது, வெளியாளுக்கு ஏது?

ஏற்றுமதி வியாபாரி ஒரே கேள்விதான் கேட்டார்: "டிசி எங்கே?" விற்பனைக்கு விற்பனை டிரேஸ்நெட்டில் (அங்ககச் சரக்கைப் பதிஞ்சு தடம் பார்க்கிற அரசு இணையதளம்) எடுக்கிற பரிவர்த்தனைச் சான்று அது. விற்கிற எடை, பதிவான மதிப்பீட்டு விளைச்சலில் கழியும். பதிவே இல்லாத நிலத்துக்கு எதிலிருந்து கழிக்கிறது? சரக்கு சாதா விலைக்குப் போச்சு.

அப்புறம் ஆரம்பிச்சது பாருங்க. "சர்வர் டவுன் சார்." "ஆடிட்டர் லீவு." "டிசி எடுக்கிறது வாங்கறவர் வேலை" (பச்சைப் பொய், விற்கிறவர்தான் விண்ணப்பிக்கணும்). நாலாம் நாள் நம்பர் பிளாக். ரூ. 46,000!

விலாவாரியா எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடலை. இதை மட்டும் பார்த்துக்குங்க. கோவையில் இருக்கிற விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையில் நேரா விண்ணப்பிக்கலாம். பண்ணை வரைபடம், மண், நீர் ஆய்வு விவரம், ஆண்டுப் பயிர்த்திட்டம், நில ஆவணம் கேட்பாங்க. சான்று வந்தா பேர், பரப்பு, பயிர், செல்லுபடித் தேதி நாலையும் பாருங்க. குழுச் சான்றுன்னா உறுப்பினர் பட்டியல் இல்லாம காசு கொடுக்காதீங்க. லேப் ரிப்போர்ட் சான்று ஆகாது. கொண்டுபோன சாம்பிளுக்குத்தான் அது பேசும்.

ஜிபே ரசீது ரெண்டையும் பிரின்ட் எடுத்தாச்சு. போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பறேன்.