பண்ணைக்குட்டையா, பயோஃப்ளாக் தொட்டியா? கரண்டைக் கேட்டு முடிவு செய்யுங்கள்

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் கொல்லையில் முதலில் போட்டது மூன்று பயோஃப்ளாக் தொட்டி, அதாவது நுண்ணுயிர்களை வைத்தே கழிவைச் சுத்தம் செய்யும் மீன் வளர்ப்புத் தொட்டி. இப்போது அரை ஏக்கர் குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் மீன்கள். நான் எந்தப் பக்கம் பேசுவேன் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

இடமும் தண்ணீரும் கம்மி என்றால் தொட்டிதான். 4 மீட்டர் விட்டமுள்ள தார்ப்பாய்த் தொட்டியில் சுமார் 15,000 லிட்டர் பிடிக்கும், ஆயிரம் ஜிலேபி மீனுக்கு மேல் விடலாம். குட்டையில் ஏக்கருக்கே 4,000 குஞ்சுதான் கணக்கு. 2020-ல் மத்திய அரசு தொடங்கிய மத்ஸ்ய சம்பதா மீன்வளத் திட்டத்தில் இரண்டுக்கும் மானியம் அறிவித்திருந்தார்கள்: பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60. இதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான்.

எனக்கு யாரும் அழுத்திச் சொல்லாதது கரண்ட் விஷயம். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் பெருகித் தின்னட்டும் என்றுதான் தொட்டியில் வெல்லம் கரைத்து ஊற்றுகிறோம். அந்த நுண்ணுயிர்களுக்கும் மூச்சு வேண்டும். காற்று மோட்டார் நின்றால் மீனுக்கு மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனையும் அவையே இழுத்துவிடும். அரை மணி நேரத்திலேயே நிலைமை மோசமாகிவிடும்.

ஒரு ஆடி மாத ராத்திரி, டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. இன்வெர்ட்டர் மூன்று மணிக்குக் கத்த ஆரம்பித்தது. மூன்று தொட்டிக்கும் விடியும்வரை தாங்காது. எந்தத் தொட்டியைச் சாகவிடுவது என்று நானும் வீட்டுக்காரியும் டார்ச்சோடு நின்றோம். கடைசியில் சின்ன மீன் இருந்த தொட்டியின் காற்று வால்வை மூடினேன். வாளியால் மொண்டு மொண்டு ஊற்றிப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை. விடிந்தபோது தண்ணீர் தெரியாமல் வெள்ளை வயிறாக மிதந்தது.

ஜெனரேட்டர் வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம்தான், மூன்று தொட்டி வருமானத்தில் அது கட்டுப்படியாகாது. பத்து இருபது தொட்டி போட்டவர் கணக்கு வேறாக இருக்கும். நான் எடுத்தது இரண்டு அறுவடை மட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து இந்தப் பக்கம் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தது தொட்டி போடும்போதே என் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

குட்டையிலும் ஆக்சிஜன் குறையும், ஆனால் அது முன்கூட்டியே சொல்லிவிடும். மேகமூட்டமான இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில் கட்லா மேலே வந்து வாயைப் பிளக்கும். அதைப் பார்த்துவிட்டு டீசல் இன்ஜினைப் போட்டுக் குட்டைத் தண்ணீரையே எடுத்து வீசியடித்தால் போதும், வெயில் ஏறியதும் பாசியே ஆக்சிஜனை விட்டு மீதியைப் பார்த்துக்கொள்ளும். தீனியும் தவிடு, கடலைப் புண்ணாக்கு என்று உள்ளூர்ச் சரக்குதான்.

குட்டைக்கும் வில்லங்கம் இல்லாமலில்லை. நீர்க்காகம், தண்ணிப்பாம்பு, இரவில் வலை போடும் ஆட்கள், ஐப்பசி மழையில் கரை வழிந்தால் மீனோடு போச்சு. ஒரே நாளில் மொத்தமும் பிடிப்பதால் வியாபாரி சொன்னதுதான் விலை. இந்த விஷயத்தில் தொட்டிதான் ஜெயித்தது, வேண்டியபோது வேண்டியதை அள்ளலாம்.

அதனால் ஒரு தொட்டியை மட்டும் பிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உயிர்மீன் கேட்பவர்களுக்காகச் சனிக்கிழமை கொஞ்சம் பிடித்து அதில் விடுகிறேன். அன்று ராத்திரி மோட்டார் ஓடும். சத்தம் நின்றால் இன்னும் தூக்கிவாரிப் போட்டு எழுந்துவிடுகிறேன்.