ஆவியில் வேகவைத்து அரைத்துத் தரும் பேபி ஃபுட் மெஷின்: வாங்கலாமா?

மகள் பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் இங்கே காரைக்குடியில்தான் இருக்கிறாள். பேரனுக்கு ஆறு மாதம் நெருங்கும்போதே மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து ஆன்லைனில் ஒரு மெஷின் ஆர்டர் போட்டுவிட்டார். காயோ பழமோ நறுக்கிப் போட்டால் ஆவியில் வேகவைத்து, அதே ஜாரில் கூழாக அரைத்தும் கொடுத்துவிடும் என்பது விளம்பரம். விலை 6,000 ரூபாயை ஒட்டி. பிள்ளைக்குச் சாப்பாடு செய்வதும் ஊட்டுவதும் ஆயாவின் (பாட்டியின்) வேலை என்று ஆகிவிட்டதால் மெஷினைப் புழங்கியதும் நான்தான். சொந்தத்தில் பிள்ளை பெற்ற வீடுகளிலிருந்து வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். மெஷின் சொன்ன வேலையைச் செய்கிறது. ஆனால் இட்லிச் சட்டியும் மிக்ஸியும் ஏற்கெனவே இருக்கிற வீட்டில் இதற்குப் பதில் மிக்ஸிக்குத் தனியாக ஒரு சின்ன ஜார் வாங்கினாலே போதும் என்பது என் கருத்து.

அடியில் ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது, அதில் அளவுக் கப்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து ஆவி மேலே ஜாருக்குள் போகும். கேரட்டைப் பொடியாக நறுக்கிப் போட்டால் இருபது நிமிடத்துக்குள் விரலால் நசுக்குகிற பதம் வந்துவிடுகிறது, ஆப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் அதில் பாதி நேரம் போதும். வெந்ததும் சத்தம் கொடுத்துத் தானே நின்றுவிடும், அடிப்பிடிக்காது. பிள்ளை அழுதால் அப்படியே விட்டுவிட்டுப் போய்த் தூக்கலாம், கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இது பெரிய சௌகரியம்தான். ஆவியில் வேகவைப்பதும் நல்ல முறை. நிறையத் தண்ணீரில் போட்டு வேகவைத்து வடித்தால் வைட்டமின் சி மாதிரி நீரில் கரைகிற சத்து அந்தத் தண்ணீரோடு போய்விடும், ஆவியில் அந்த இழப்பு குறைவு. ஆனால் இந்த நன்மை இட்லிச் சட்டியிலும் அப்படியே கிடைக்கிறது. தட்டில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை வைத்துக் காயைப் போட்டு மூடினால் வேலை முடிந்தது, கிண்ணத்தில் தேங்குகிற சாற்றையும் கொட்டாமல் மசிக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

மெஷினின் உண்மையான பலம் கொஞ்சமாக அரைப்பதில் இருக்கிறது. ஆரம்பத்தில் பிள்ளை சாப்பிடுவது இரண்டு மூன்று ஸ்பூன்தான். அவ்வளவு கொஞ்சத்தைச் சட்னி ஜாரில் போட்டால் பிளேடில் படாமல் சுற்றி ஓரத்தில் அப்பிக்கொள்ளும், நிறுத்தி நிறுத்தி வழித்துவிட வேண்டும். இந்த மெஷினின் ஜார் குறுகலானது, பிளேடும் அடியோடு ஒட்டி இருக்கிறது, அரை ஆப்பிளைக்கூட வெண்ணெய் மாதிரி அரைத்துவிடுகிறது. பீன்ஸில் நார்கூடத் தட்டுப்படவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் அதற்கு முழு மார்க் போடுவேன்.

அடுத்தது நம் பக்கத்து அடுப்படிக்கே உரிய சங்கதி. செட்டிநாட்டுச் சமையலில் வறுத்து அரைக்கிற மசாலா இல்லாத நாள் குறைவு. வரமிளகாய், மிளகு, சோம்பு, பூண்டு எல்லாம் போய் வந்த ஜாரை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் மூடியின் ரப்பர் வாஷரிலும் பிளேடுக்கு அடியிலும் காரம் தங்கிவிடும். பெரியவர்களுக்குத் தெரியாது, ஆறு மாதப் பிள்ளை நாக்கில் வைத்ததும் முகத்தைச் சுளிக்கும். காயே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டு அந்தக் காயை நிறுத்திவிடுவோம். அம்மியும் அப்படித்தான், மிளகாய் அரைத்த அம்மியில் பிள்ளைக்கு எதையும் அரைக்கக் கூடாது. ஆகவே மெஷின் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பிள்ளைக்கென்று தனி ஜார் வேண்டும். நீங்கள் வைத்திருக்கிற மிக்ஸிக்கே சின்ன ஜார் மட்டும் தனியாகக் கிடைக்கும், மெஷின் விலையில் அது ஒரு சிறு பங்கு. பிள்ளை வளர்ந்த பிறகும் ஏலக்காய் பொடிக்க ஆகும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. தொட்டியின் அடியில் இருக்கிற சூடாகும் தட்டில் சீக்கிரமே வெள்ளையாகப் படிந்துவிட்டது, ஆவி வருவதும் மெதுவாகிவிட்டது. எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து ஊறவைத்தால் அந்தப் படிவு கரைந்து வந்துவிடுகிறது, அப்புறம் நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலச வேண்டும். கேன் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ ஊற்றுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. இதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது கழுவுவது. ஜார், பிளேடு, மூடி, வடிகட்டி, வாஷர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவிக் காயவைக்க வேண்டும், பிளேடின் அச்சில் இண்டு இடுக்கில் கூழ் நின்றுவிட்டால் அடுத்த நாளே வாடை வரும். பிள்ளை சாப்பாட்டில் அது சரிப்படாது, ஒரு சின்ன பிரஷ் வாங்கி வைத்துக்கொள்வது கட்டாயம்.

கிழங்குகளை அரைக்க இந்த மெஷின் ஆகாது. உருளைக்கிழங்கை வேகமான பிளேடில் அடித்தால் அதன் மாவுச்சத்து வெளியே வந்து பசை மாதிரி ஆகிவிடும், பிள்ளைக்கு விழுங்கவும் சிரமம். வெந்ததை எடுத்து மத்தால் மசித்துக் கொஞ்சம் தாய்ப்பாலோ வெந்நீரோ விட்டுத் தளர்த்தினால் நன்றாக இருக்கும். சர்க்கரைவள்ளிக்கும் மத்துதான் நல்லது. பருப்பும் சாதமும் இந்த மெஷினில் வேகாது, அவை தண்ணீரில் மூழ்கி வேகவேண்டியவை, எப்படியும் குக்கர் வைக்கத்தான் போகிறீர்கள். வாழைப்பழம், பப்பாளி, சப்போட்டாவுக்கு மெஷினே தேவையில்லை. நன்றாகக் கனிந்த மலைவாழைப்பழத்தை ஸ்பூனின் பின்பக்கத்தால் மசித்தால் போதும். சப்போட்டாவில் கொட்டையைப் பார்த்து எடுக்க வேண்டும், கொய்யாவை வேகவைத்து வடிகட்டியில் தேய்த்து எடுத்தால் விதை மேலே நின்றுவிடும். அந்த எவர்சில்வர் வடிகட்டி இருக்கிறதே, அதில் வெந்த கேரட்டையும் பரங்கிக்காயையும் ஸ்பூனால் அழுத்தித் தேய்த்தால் இரண்டு ஸ்பூன் அளவுக்கு மெஷினில் வருகிற அதே கூழ் வருகிறது.

மெஷினோடு வந்த கையேட்டின் மேல்தான் எனக்குக் கோபம். நாலு மாதத்திலிருந்தே தொடங்கலாம் என்று அதில் அச்சடித்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதற்கப்புறம் இணை உணவு, கூடவே இரண்டு வயது வரைக்கும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடர வேண்டும் என்று. எங்கள் டாக்டரும் அதையேதான் சொன்னார். கையேட்டில் இருக்கிற செய்முறை எல்லாம் பழமும் காயும்தான். ஆனால் பிறக்கும்போது பிள்ளை உடம்பில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தை ஒட்டிக் குறையத் தொடங்கிவிடுகிறது, அதை ஆப்பிள் கூழாலும் கேரட் கூழாலும் ஈடு செய்ய முடியாது. பருப்பு வேண்டும், அசைவம் சாப்பிடுகிற வீடென்றால் நன்றாக வெந்த முட்டை, முள் எடுத்து உதிர்த்த மீன், நைசாக அரைத்த கறி வேண்டும். பருப்பு கொடுக்கிற வேளையில் பப்பாளியோ கொய்யாவோ சேர்த்தால் வைட்டமின் சி அந்த இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். பருப்புச் சாதத்திலும் காய் மசியலிலும் கொஞ்சம் நெய் விடுவது நம் வழக்கம், அதை விட்டுவிடாதீர்கள். சின்ன வயிற்றுக்குள் கொஞ்சம் சாப்பாட்டிலேயே தெம்பு போகும், கேரட்டிலும் பரங்கியிலும் இருக்கிற கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக உடம்பில் ஒட்டும்.

உப்பும் சர்க்கரையும் ஒரு வயதுக்குள் வேண்டாம், வெல்லமும் கருப்பட்டியும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் மாமியார், பிள்ளைக்குக் கொள்ளுப்பாட்டி, “நாக்குல துளி தேன் தொட்டு வைக்கக் கூடாதா ஆத்தா, நாங்கல்லாம் வச்சுத்தானே வளத்தோம்” என்று ஆசையாகக் கேட்டார்கள். தேனில் ஒரு வகைக் கிருமியின் வித்து இருக்கலாம், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் அது வளர்ந்து விஷத்தை உண்டாக்கி நரம்பைத் தளர்த்திவிடும், காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது என்று எடுத்துச் சொன்னேன். புரிந்துகொண்டார்கள், பிறந்தநாளுக்கு அப்புறம் தருகிறேன் என்று தேன் பாட்டிலை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது மெஷினின் பெரிய குறைக்கு வருகிறேன். அதற்கு நைசாக அரைக்க மட்டும்தான் தெரியும். விட்டு விட்டு அமுக்கினாலும் பாதி கூழாகவும் பாதி கட்டியாகவும் வருகிறது, திப்பிதிப்பியாக ஒரே பதத்தில் வருவதில்லை. ஆறு மாதத்தில் நைசான கூழ் சரி, அதுகூட ஸ்பூனைச் சாய்த்தால் ஓடாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும், தண்ணீராகக் கரைத்துக் கொடுத்தால் வயிறு நிரம்புமே தவிர உடம்பில் சேராது. அப்புறம் வாரத்துக்கு வாரம் பதம் மாற வேண்டும், எட்டு மாதத்தில் பிள்ளை தானே கையில் எடுத்துத் தின்கிற மாதிரி மெத்தென்று வெந்த துண்டு கொடுக்கலாம், ஒரு வயதில் வீட்டுச் சாப்பாட்டையே காரம் இல்லாமல் சாப்பிட வேண்டும். பத்து மாதத்துக்கு அப்புறமும் கட்டியில்லாத கூழே கொடுத்துக்கொண்டிருந்தால் பின்னால் மென்று சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகள் உண்டு. கையில் மெஷின் இருக்கிறதே, காசு போட்டு வாங்கியதாயிற்றே என்று அதையே பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கூழாக்குகிற வீடுகளைப் பார்க்கிறேன், மனசுக்கு வேதனையாக இருக்கிறது. கணக்குப் பார்த்தால் இந்த மெஷினுக்கு முழு வேலை இருப்பது இரண்டு மாதம்தான்.

கூழைச் செய்து ஐஸ் ட்ரேயில் உறையவைத்துக் கட்டிகளாக எடுத்து வைக்கலாம் என்று கையேடு சொல்கிறது, நல்ல யோசனைதான். உறைந்ததும் மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றித் தேதி எழுதி ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். கரண்ட் நீண்ட நேரம் போய் இளகிவிட்டால் மறுபடி உறையவைக்காதீர்கள். பிள்ளை வாயில் பட்ட ஸ்பூன் போன கிண்ணத்தில் மிச்சமிருப்பதை எடுத்து வைக்கவே கூடாது. கீரையையும் பீட்ரூட்டையும் நான் உறையவைப்பதில்லை. அவற்றில் நைட்ரேட் அதிகம், சமைத்ததோ, உறைந்து இளகியதோ நேரமாகிக் கிடந்தால் அது நைட்ரைட்டாக மாறக்கூடும், பச்சைப்பிள்ளை ரத்தத்துக்கு அது ஆகாது. அன்றைக்குச் செய்து அன்றைக்கே கொடுப்பது. நம் ஊரில் வாரச்சந்தை இருக்கிறது, பரங்கிக்காய், சுரைக்காய், முருங்கைக்கீரை எல்லாம் சுற்றுக் கிராமங்களிலிருந்து புதிதாக வருகிறது, மாசக்கணக்கில் உறையவைத்துச் சாப்பிட வேண்டிய அவசியமும் இல்லை. புதுக் காயை ஒவ்வொன்றாகத் தொடங்கி இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று சுலபமாகத் தெரியும்.

பாத்திரம் பற்றி ஒன்று. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அழகழகாகச் சின்னப் பித்தளைக் கிண்ணமும் எனாமல் பூசிய மங்குக் கிண்ணமும் கிடைக்கிறது, பிள்ளைக்கு அதில் ஊட்ட ஆசையாகத்தான் இருக்கும். வெள்ளீயம் பூசாத பித்தளையில் புளிப்பான பழம் வைக்கக் கூடாது, பூச்சு பெயர்ந்த மங்கிலும் எதையும் வைக்க வேண்டாம். எவர்சில்வரே போதும்.

அப்போ யார் இந்த மெஷினை வாங்கலாம்? கூட ஆள் இல்லாமல் தனியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வேலைக்கும் போகிற பெண், ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பில் சமைக்கிறவர், குறைமாதத்தில் பிறந்து விழுங்கச் சிரமப்படுகிற பிள்ளைக்கு நைசான உணவே கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிற வீடு, இவர்களுக்கு இது காசுக்கேற்ற உதவி செய்யும். இரட்டைப் பிள்ளைகள் என்றாலும் யோசிக்கலாம். வாங்குவதற்கு முன்னால் பிளேடும் வாஷரும் தனியாகக் கிடைக்குமா, சர்வீஸ் எந்த ஊரில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மெஷினுக்கு வாஷர் கேட்டபோது மதுரைக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். ஜார் பிளாஸ்டிக்கா, கண்ணாடியா, எவர்சில்வரா என்றும் பாருங்கள், சூடான ஆவி படுகிற பாத்திரம், எங்களுடையது பிளாஸ்டிக், கேரட் கறை படிந்து போகவே இல்லை.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். மகள் பெங்களூர் போகும்போது இதைக் கொண்டுபோகிறாள், அங்கே அவள் ஒருத்தியாகச் சமாளிக்க இன்னும் சில வாரம் உதவும். இங்கே எங்கள் அடுப்படிக்குச் சின்ன ஜார் வாங்கியாகிவிட்டது.