இன்னொரு கார்டா, ஒரே பெரிய கார்டா?

மார்த்தாண்டத்தில் இருக்கும் சித்தி பையன் போன் செய்தான். "அண்ணே, எங்கிட்ட கெடக்க அதே 1070 கார்டு குளச்சல்ல ஒருத்தர் விக்கிறாரு. வாங்கி பக்கத்துல சொருவுனா ஸ்பீடு ரெண்டு மடங்கு ஆவுமா?"

அவன் சொல்வது கம்ப்யூட்டரில் கேம் படங்களை வரையும் கிராபிக்ஸ் கார்டை, என்விடியா கம்பெனியின் ஜிடிஎக்ஸ் 1070. "ஆவாது மக்கா" என்று அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அவன் கேட்டதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். 1998இல் வந்த வூடூ2 கார்டு இரண்டை ஒரே கம்ப்யூட்டரில் போட்டால், திரையின் கோடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பங்கு பிரித்து வரையும். அதைச் செய்த 3டிஎஃப்எக்ஸ் கம்பெனி நொடித்துப்போக, அதன் சொத்துகளை என்விடியா வாங்கி, இப்படி இரண்டு கார்டைச் சேர்த்து ஓட்டும் முறைக்கு அவர்கள் வைத்திருந்த எஸ்எல்ஐ என்ற பெயருக்கு 2004இல் மறுபடி உயிர் கொடுத்தது. அடுத்த வருடம் போட்டிக் கம்பெனி ஏடிஐயும் கிராஸ்ஃபயர் என்ற தன் இரட்டைக் கார்டு முறையோடு வந்தது. பத்து வருடத்துக்கு மேல் இரட்டைக் கார்டுதான் கேமர்களின் கெத்து.

சரி, இப்போது ஏன் இல்லை? பிந்தைய எஸ்எல்ஐ வேலை செய்தது பெரும்பாலும் ஒரே முறையில்: ஒரு ஃபிரேமை, அதாவது திரையில் வரும் ஒரு முழுப் படத்தை, முதல் கார்டு வரையும், அடுத்ததை இரண்டாவது வரையும். இன்றைய கேம்களோ முந்தைய ஃபிரேமில் இருந்ததை எடுத்துத்தான் இந்த ஃபிரேமை மெருகேற்றுகின்றன. அந்த முந்தைய ஃபிரேம் அடுத்த கார்டின் மெமரியில் அல்லவா கிடக்கிறது! ஒவ்வொரு தடவையும் அதை இங்கே கொண்டுவந்து சேர்ப்பதற்குள் இரண்டாவது கார்டால் கிடைத்த லாபம் போய்விடும். போதாததற்கு, ஃபிரேம்கள் சீரான இடைவெளியில் வராமல் திக்கித் திக்கி வரும். நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்ற எண்ணிக்கை 90 என்று காட்டும், கண்ணுக்கு 50 மாதிரி தெரியும்.

கம்பெனிகளும் கைகழுவிவிட்டன. 2021 ஜனவரி முதல் எஸ்எல்ஐக்குப் புது டிரைவர் புரொஃபைல் (ஒவ்வொரு கேமிலும் இரண்டு கார்டையும் ஓட வைக்கும் அமைப்பு) கிடையாது என்று என்விடியா அறிவித்தது. அவர்களுடைய 30 வரிசையில் 3090, 3090 டிஐ இரண்டுக்கு மட்டும் கார்டுகளை இணைக்கும் முனை இருந்தது, 40 வரிசையில் அதுவும் இல்லை. 1070 உள்ள 10 வரிசைக்கோ கேம்களுக்கான புது டிரைவர் வருவதே 2025 அக்டோபரோடு நின்றாயிற்று. இனி பாதுகாப்புத் திருத்தங்கள்தான்.

இன்னொரு நப்பாசையும் அவனுக்கு இருந்தது: ஒரு கார்டில் எட்டு ஜிபி மெமரி, எட்டும் எட்டும் பதினாறு ஜிபி. கேமில் அந்தக் கணக்கு எடுபடாது. இரண்டு கார்டும் அதே படங்களைத் தனித்தனியே நகல் வைத்துக்கொள்ளும். எட்டு எட்டாகவேதான் இருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஞாயிற்றுக்கிழமை குளச்சலுக்குப் போனோம். பார்த்துவிட்டாவது வருவோம் என்று அவன் ஆசைப்பட்டான். விற்பவர் நல்ல மனிதர், வீடுதான் கடலிலிருந்து நாலு எட்டில் இருந்தது. கார்டைக் கையில் வாங்கித் திருப்பினேன். கேஸில் திருகும் தகட்டின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் துரு. எச்டிஎம்ஐ துளையின் உள்விளிம்பில் பச்சை பூத்திருந்தது. விசிறியை விரலால் ஒதுக்கி டார்ச் அடித்தால், அலுமினியத் தகடுகளில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி. ஓடத்தான் செய்தது. ஆனால் முட்டம், குளச்சல், மணக்குடி பக்கமெல்லாம் பழைய கார்டு வாங்குகிறவர்கள் வேகச் சோதனை ஸ்கோரைப் பார்க்கும் முன் கார்டில் இந்த மூன்று இடத்தையும் பார்க்க வேண்டும். மலையோரம் குலசேகரத்தில் அஞ்சு வருடம் ஓடிய கார்டும் கடலோரத்தில் ரெண்டு வருடம் ஓடிய கார்டும் ஒன்றல்ல.

வீட்டுக்கு வந்து அவனுடைய கேஸைத் திறந்ததும் மிச்சக் கதையும் முடிந்தது. பி450 மதர்போர்டு. அதில் எஸ்எல்ஐ கிடையவே கிடையாது. இரண்டாவது ஸ்லாட் பார்க்க முதலாவதைப் போல நீளமாகத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே வெளிச்சம் அடித்தால் தங்க நிறப் பின்கள் கால்வாசியோடு நின்றுவிடுகின்றன. தரவு ஓடும் பாதைக்கு லேன் என்று பெயர்: பதினாறு லேனுக்கான வாய், உள்ளே நாலு லேன். கார்டை எஸ்எல்ஐயில் ஓட்டவேண்டுமானால் போர்டு மாற்ற வேண்டும், இரண்டு கார்டையும் இணைக்கும் பிரிட்ஜ் தேட வேண்டும், 550 வாட் பவர் சப்ளைக்குப் பதில் பெரியது போட வேண்டும். மலிவாகக் கிடைத்த மாட்டுக்குத் தொழுவம் கட்டின கதைதான்.

எதிர்ப்பக்கம் ஒற்றைக் கார்டை வைத்துப் பார்ப்போம். ஒரு 1070 முழு வேகத்தில் 150 வாட் இழுக்கும், இரண்டுக்கு 300. ஆர்டிஎக்ஸ் 4060 ஒன்று 115 வாட்டில் ஒற்றை 1070ஐத் தெளிவாக முந்திவிடும், எந்த கேமிலும், யாருடைய புரொஃபைலுக்கும் காத்திராமல். நல்ல எஸ்எல்ஐ ஆதரவு உள்ள பழைய கேம் சிலவற்றில் இரட்டை 1070 அதற்கு ஈடு கொடுக்கலாம். அந்தச் சிலவற்றுக்காக யார் மெனக்கெடுவார்கள்?

ஆனால் பழைய போர்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 4060க்கு எட்டு லேன்தான். புது போர்டில் அது போதும். கார்டு செருகும் ஸ்லாட் மூன்றாம் தலைமுறை பிசிஐஇ ஆக இருக்கும் பி450யில் அந்த எட்டு லேனின் வேகம் பாதியாகிவிடும், கார்டின் 8 ஜிபி நிரம்பி வழியும் கேம்களில் தடுமாறும். அதனால் அவனுக்கு நான் சொன்னது ஏஎம்டியின் ரேடியான் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி வகை. பதினாறு லேன் முழுதாக உண்டு, 160 வாட், பவர் சப்ளையை மாற்ற வேண்டாம். கைக்காசு குறைவு என்றால் ஆர்டிஎக்ஸ் 3060இன் 12 ஜிபி வகை. வேகத்தில் 4060க்குக் கொஞ்சம் கீழே, ஆனால் இதற்கும் பதினாறு லேன். எனக்கென்னவோ இன்றைக்கு எட்டு ஜிபிக்குக் காசு போட மனம் வரவில்லை.

சூடு, கரண்ட் விஷயத்தைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். இரண்டு கார்டு அடுக்கினால் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கும். கீழ்க்கார்டு விடும் அனலை மேல்கார்டு மூச்சாக இழுக்கும். 1070 போன்றவை 83 டிகிரியைத் தொட்டதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சித்திரை வெயிலில் ஏசி இல்லாத மாடி அறையில் அதைத் தொட ரொம்ப நேரம் ஆகாது. ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் கரண்ட் போகும் நம் ஊரில், சாதாரண 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட். இரட்டைக் கார்டு, பிராசசர், மானிட்டர் எல்லாம் சேர்ந்தால் கரண்ட் போன நொடியே அது கீச்சிட்டுப் படுத்துவிடும். கூடுதல் 150 வாட், தினம் நாலு மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாத பில்லில் 36 யூனிட். 500 யூனிட் எல்லையை ஒட்டி நிற்கும் வீடென்றால் அந்த 36 பில்லை நன்றாகவே ஏற்றிவிடும்.

அப்போ இரண்டாவது ஸ்லாட்டுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, கேம் ஆடுகிறவனை விட உழைக்கிறவனுக்கு. தக்கலையில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பர் இரண்டு 3060 வைத்திருக்கிறார். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் (காட்சியைப் படமாக்கும் வேலை) கொடுத்தால் இரண்டும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும், எஸ்எல்ஐ எதுவும் வேண்டாம், நேரம் ஏறத்தாழ பாதி. காட்சி முழுவதும் ஒவ்வொரு கார்டின் மெமரியிலும் அடங்கவேண்டும், அவ்வளவுதான். வீடியோ எடிட் செய்யும் டாவின்சி ரிசால்வில் காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்புதான் இரண்டு கார்டையும் தொடும், இலவசப் பதிப்பு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும். அதை அறியாமல் இரண்டாவதை வாங்கிவிட்டு அவர் ஒரு மாதம் திட்டிக்கொண்டிருந்தார். வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் கூட்டல் கணக்கு உண்மையிலேயே பலிக்கும்: மாடலை அடுக்கடுக்காகப் பிரித்து இரண்டு கார்டிலும் வைப்பதால் 12ம் 12ம் 24 ஜிபி.

கேமருக்கும் ஒரு சின்ன வழி உண்டு. லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்ற மென்பொருளில், கேமைப் புதுக் கார்டு ஓட்டும், இடையில் செருகும் கூடுதல் ஃபிரேம்களைப் பழைய கார்டு தயாரிக்கும். மானிட்டர் வயரைப் பழைய கார்டில் செருக வேண்டும், பலர் சறுக்குவது இங்கேதான். அந்த நாலு லேன் போதுமா? பி450யின் இரண்டாவது ஸ்லாட் நொடிக்கு சுமார் 2 ஜிபி கடத்தும். 1080பி படம் ஒன்று ஏறக்குறைய 8 எம்பி, நொடிக்கு 60 என்றால் அரை ஜிபி. தாராளம். 4கே என்றால் நாலு மடங்கு, ஸ்லாட் தொண்டைவரை நிறைந்துவிடும். கையசைவுக்கும் திரைக்கும் இடையே தாமதம் கொஞ்சம் கூடும், ஆகவே சுடும் போட்டி கேம்களுக்கு ஆகாது. காசு கொடுத்துப் பழைய கார்டு வாங்கிச் செய்யும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. ஏற்கெனவே கையில் இருப்பதைச் சும்மா போட்டுப் பார்க்கலாம்.

சித்தி பையன் குளச்சல் கார்டை வாங்கவில்லை. 9060 எக்ஸ்டிக்கு நாகர்கோவில் கடைகளில் விசாரித்துவிட்டு, அடுத்த வாரம் திருவனந்தபுரத்திலும் ஒரு விலை கேட்டுவரப் போகிறான். பழைய 1070ஐ விற்பதா, கீழ் ஸ்லாட்டில் விடுவதா என்று இன்னும் இழுக்கிறான். "போட்டுப் பாரு, மானிட்டர் 1080பி தானே" என்றேன். "சித்தப்பா கரண்ட் பில்ல கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரு அண்ணே" என்கிறான், அவனுக்கு அப்பா, எனக்குச் சித்தப்பா. என்னிடம் பேசும்போது மட்டும் அவரை என் முறையில் சொல்கிறான், அவரைச் சமாளிக்க என்னையும் கூட்டுச் சேர்க்கும் நோக்கத்தோடு.