ஓம்ரான் இ5சிசி டெம்பரேச்சர் கன்ட்ரோலர்: எதை வாங்குவது, எப்படி வயர் பண்ணுவது

மணலி, மாதவரம், வியாசர்பாடி பக்கம் மோல்டிங் மெஷினோ, டிரையிங் ஓவனோ, ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸோ ஓட்டுகிறவர்கள் பழைய கன்ட்ரோலரை மாற்ற நினைத்தால் ஓம்ரான் இ5சிசியைத் தாராளமாக வாங்கலாம். உள்நாட்டு கன்ட்ரோலர்களைவிட விலை கூடுதல்தான். ஆனால் ஒரே கருவியில் தெர்மோகப்பிள் (இரு முனைகளின் சூட்டு வித்தியாசத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் தரும் இரட்டைக் கம்பி சென்சார்), பிடி100 (சூட்டோடு ரெசிஸ்டன்ஸ் மாறும் பிளாட்டினம் சென்சார்), 4-20 மில்லிஆம்ப் சிக்னல் எல்லாம் எடுக்கும். 50 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை ரீடிங் பார்க்கும். வெள்ளை எழுத்துள்ள டிஸ்ப்ளே மெஷினுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளுக்கும் தெரியும். கருவியில் பெரிய குறை கிடையாது. வாங்கும்போது தப்பான மாடலைக் கேட்பதிலும், சென்சார் வயரை இழுப்பதிலும்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். அதனால் இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

முதலில் மாடல் எண். பாரிமுனைக் கடைகளில் "இ5சிசி ஒண்ணு குடுங்க" என்று மட்டும் கேட்டால் கையிருப்பில் எது இருக்கிறதோ அது வரும். இ5சிசி என்பதற்கு அடுத்து வருகிற எழுத்து அவுட்புட் வகை: ஆர் என்றால் ரிலே, க்யூ என்றால் எஸ்எஸ்ஆரை (அசையும் பாகம் இல்லாத எலக்ட்ரானிக் ரிலே) ஓட்டுகிற 12 வோல்ட் டிசி, சி என்றால் 4-20 மில்லிஆம்ப். அதே எண்ணில் நடுவில் வரும் ஏ என்ற எழுத்து 100-240 வோல்ட் ஏசி சப்ளையைக் குறிக்கும். டி என்றால் 24 வோல்ட். டி மாடலை வாங்கி 230 வோல்ட்டைக் கொடுத்தால் கருவி அங்கேயே முடிந்தது, வாரன்டியும் பேசாது. ஹீட்டர் வேலைக்கு இ5சிசி-க்யூஎக்ஸ்2ஏஎஸ்எம்-800 என்று முழு எண்ணையும் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். பெட்டியைப் பிரித்ததும் கருவியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏன் ரிலே மாடல் வேண்டாம்? கணக்குப் போட்டால் புரியும். உள்ளே இருக்கும் ரிலேவின் ஆயுள் 1,00,000 தடவை என்று ஓம்ரானே சொல்கிறது. பிஐடியில் (செட் செய்த சூட்டை நெருங்க நெருங்க ஹீட்டர் பவரைத் தானாகக் குறைக்கிற முறை) ரிலேவுக்கான கன்ட்ரோல் பீரியட், அதாவது ஒரு ஆன்-ஆஃப் சுற்றின் நேரம், 20 செகண்ட். 20 செகண்டுக்கு ஒரு தடவை அடித்தால் 24 மணி நேர ஓட்டத்தில் ஒரு நாளைக்கு 4,320 தடவை. 23 நாளில் லட்சம் முடிந்துவிடும். லோடு குறைவாக இருந்தால் அதற்குப் பிறகும் ஓடும், ஆனால் எப்போது ஒட்டிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. அந்த ரிலே இழுக்கிற கான்டாக்டரும் (ஹீட்டர் கரன்ட்டை ஆன்-ஆஃப் செய்யும் பெரிய சுவிட்ச்) அதே அடி அடிக்கும். ஆன்-ஆஃப் முறையில் மெதுவாக ஓடுகிற பெரிய டேங்க் ஹீட்டருக்கு ரிலே மாடல் போதும். அப்போது கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே ஆர்சி ஸ்னப்பர் (காயில் ஆஃப் ஆகும்போது எழும் வோல்ட்டேஜை அடக்கும் சின்ன பாகம்) போடுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் எஸ்எஸ்ஆர்.

பேனலில் பொருத்துவது எளிது. கட்அவுட் 45க்கு 45 மில்லிமீட்டர், கூடுதலாக 0.6 வரை போகலாம், ஒரு இம்மிகூடக் குறையக் கூடாது. ஷீட் கனம் 1 முதல் 5 மில்லிமீட்டர். கருவியின் ஆழம் 60 மில்லிமீட்டர்தான் என்பதால் பழைய ஆழமற்ற பேனலிலும் உட்காரும். பழைய கன்ட்ரோலர் 96க்கு 96 என்றால் அந்த ஓட்டைக்குப் பிளேட் வெல்டு வைத்து இ5சிசியைப் போடாதீர்கள். இதே மெனுவோடு 96க்கு 96 அளவில் இ5ஏசி இருக்கிறது. பின்பக்கம் 11 பின் சாக்கெட் இருந்தால் இ5சிசி-யூ என்று பிளக்-இன் வகையும் உண்டு. வெட்டும்போது இரும்புத் தூள் மற்ற கருவிகளின் காற்றுத் துளைக்குள் விழாதபடி பழைய துணியோ பிளாஸ்டிக்கோ போட்டு மூடுங்கள். கேஸ்கெட்டும் அடாப்டரும் பெட்டியிலேயே வரும். டெர்மினல் கவர் வராது, தனியாக வாங்க வேண்டும். 230 வோல்ட் திறந்து கிடக்கிற இடம் அது. கவரில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இனி தெர்மோகப்பிள். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

தெர்மோகப்பிளில் கம்பி உலோகத்தைப் பொறுத்துக் கே, ஜே என்று வகைகள் உண்டு. கே டைப் தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் கொடுக்கும். சென்சார் ஹெட்டிலிருந்து (சென்சாரும் கேபிளும் இணையும் மூடிபோட்ட பெட்டி) பேனல் வரை கே டைப்புக்கான காம்பன்சேட்டிங் கேபிள் (தெர்மோகப்பிளைப் போலவே மின்னழுத்தம் தரும் உலோகக் கம்பிகள் உள்ள கேபிள்) போக வேண்டும். "பத்து மீட்டர்தானே" என்று சாதா காப்பர் கேபிளைப் போட்டால் என்ன ஆகும்? ஃபர்னஸ் பக்கத்தில் ஹெட் 70 டிகிரியிலும் பேனல் டெர்மினல் 40 டிகிரியிலும் இருக்கிறது என்று வையுங்கள். கன்ட்ரோலர் தன் டெர்மினல் சூட்டை மட்டுமே ஈடு செய்யும். நடுவில் இருக்கிற 30 டிகிரி தொலைந்துவிடும். டிஸ்ப்ளே 30 குறைத்துக் காட்டும், ஃபர்னஸ் 30 டிகிரி அதிகச் சூட்டில் ஓடும். காலையில் ஷெட் குளிர்ந்திருக்கும்போது ரீடிங் சரியாக இருக்கும், மதியம் தப்பும். இந்த அறிகுறியைப் பார்த்தால் கன்ட்ரோலரைக் குறை சொல்லும் முன் கேபிளைப் பாருங்கள்.

அடுத்தது பிளஸ்-மைனஸ். அமெரிக்க முறையில் கே டைப்புக்கு மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். சிவப்பு என்றாலே பிளஸ் என்று பழகிய எலக்ட்ரீஷியன் கட்டாயம் மாற்றிப் போடுவார். ஐஇசி (சர்வதேச மின் தர அமைப்பு) முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். கடையில் இரண்டும் கிடைக்கும், வேறு நிறங்களும் கிடைக்கும். நிறத்தை நம்பாமல் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள்: கே டைப்பில் காந்தம் ஒட்டுகிற கம்பி மைனஸ். ஜே டைப்பில் நேர் எதிர்; இரும்புக் கம்பிதான் பிளஸ், அதில்தான் ஒட்டும்.

சென்சாரை ஒரு முனையில் மட்டும் மாற்றிப் போட்டிருந்தால் சூடு ஏற ஏற டிஸ்ப்ளே இறங்கும். கன்ட்ரோலர் இன்னும் சூடு போதவில்லை என்று ஹீட்டரை முழுசாகப் போட்டு வைத்திருக்கும். முதல் தடவை ஆன் செய்யும்போது பேனலை விட்டு நகராமல், எண் மேலே போகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இதைவிட ஆபத்தானது, கேபிளை ஹெட்டிலும் மாற்றி, பேனலிலும் மாற்றிப் போடுவது. எண் மேலேதான் ஏறும், எல்லாம் சரி போலத் தெரியும். ஆனால் ஹெட்டுக்கும் பேனலுக்கும் உள்ள வித்தியாசம் போல இரண்டு மடங்கு பிழை வரும். மேலே சொன்ன 70-40 கணக்கில் 60 டிகிரி. இந்தப் பிழையை இன்புட் ஷிஃப்ட்டில் (காட்டும் ரீடிங்கைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங்) 60 போட்டு மறைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஷெட் சூடு மாறினால் அந்த 60ம் மாறும்.

சென்சார் சந்தேகமா, கன்ட்ரோலர் சந்தேகமா என்று பிரிக்க ஒரு வழி: தெர்மோகப்பிளைக் கழற்றிவிட்டு இன்புட் டெர்மினல் இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் ஷார்ட் செய்யுங்கள். பேனல் உள்ளே உள்ள சூடு டிஸ்ப்ளேயில் வந்தால் கன்ட்ரோலர் நல்லாயிருக்கிறது. பவர் கொடுத்து அரை மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். உள்சூடு நிலைப்பதற்கு அவ்வளவு நேரம் ஆகும். வயர் அறுந்திருந்தால் எஸ்.எர்ர் என்று காட்டும்.

பிடி100க்கு மூன்று வயர் வேண்டும், மூன்றும் ஒரே தடிமனில், ஒரே நீளத்தில். இரண்டு வயரில் முடித்துவிட்டு டெர்மினலில் ஜம்பர் போட்டால், 20 மீட்டர் தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் கேபிளில் ஏறத்தாழ 1.4 ஓம் கூடும். 0.385 ஓமுக்கு ஒரு டிகிரி என்பதால் மூன்றரை டிகிரிக்கு மேல் அதிகமாகக் காட்டும்.

சென்சார் கேபிளை ஹீட்டர் கேபிளோடு ஒரே டக்ட்டில் போடாதீர்கள். ஷீல்டை (கேபிளைச் சுற்றிய உலோக உறை) பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். டெர்மினல் எம்3 ஸ்க்ரூ, லக்கின் அகலம் 5.8 மில்லிமீட்டருக்குள், இறுக்கம் 0.43 முதல் 0.58 நியூட்டன் மீட்டர். கைப்பலம் காட்டினால் மரை போகும்.

எஸ்எஸ்ஆர் பக்கம் வருவோம். 6 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 26 ஆம்ப் இழுக்கும். இதற்கு 40 ஆம்ப் எஸ்எஸ்ஆர். ஒவ்வொரு ஆம்புக்கும் ஒரு வாட்டுக்கு மேல் சூடாகும், அதாவது சுமார் 30 வாட் பேனலுக்குள்ளேயே இறங்கும். ஹீட் சிங்க் இல்லாமல், தெர்மல் பேஸ்ட் இல்லாமல் நேராகப் பெயின்ட் அடித்த பிளேட்டில் முடுக்கினால் அந்த 40 ஆம்ப் என்ற எண்ணுக்கு அர்த்தமில்லை. மூன்று ஃபேஸுக்கு மூன்று எஸ்எஸ்ஆரை ஒரே கன்ட்ரோலரிலிருந்து ஓட்டுவதாக இருந்தால் அவற்றின் இன்புட் கரன்ட்டைக் கூட்டிப் பாருங்கள். கன்ட்ரோலர் 21 மில்லிஆம்ப்தான் தரும். ஒன்று 7 மில்லிஆம்ப் எடுத்தால் மூன்று சரியாக அடங்கும், 12 எடுத்தால் அடங்காது.

எஸ்எஸ்ஆர் கெட்டுப்போனால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் போகும். கன்ட்ரோலர் ஆஃப் சொன்னாலும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே எஸ்எஸ்ஆருக்கு முன்னால் ஒரு கான்டாக்டர் கட்டாயம். அதைத் தனி தெர்மோகப்பிள் உள்ள இன்னொரு ஓவர்-டெம்பரேச்சர் கன்ட்ரோலர் விழ வைக்க வேண்டும். அதே இ5சிசியின் அலாரம் ரிலேவை வைத்து ஒப்பேற்றினால், சென்சார் பொய் சொல்லும்போது கன்ட்ரோலும் அலாரமும் சேர்ந்தே ஏமாறும். கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் இணைக்கிற மாடல் வாங்கினால் ஹீட்டர் அறுந்ததையும் எஸ்எஸ்ஆர் ஒட்டிக்கொண்டதையும் அதுவே சொல்லும். நிறைய ஹீட்டர் உள்ள எக்ஸ்ட்ரூடருக்கு இது நல்ல செலவு. இன்னொன்று: எஸ்எஸ்ஆர் ஆஃப் நிலையிலும் கொஞ்சம் கரன்ட் கசியும். ஹீட்டரில் கை வைப்பதற்கு முன் எம்சிபியை இறக்குங்கள்.

செட்டிங்கில் முக்கியமானவை கொஞ்சம்தான். வட்டம் போட்ட லெவல் கீயை 3 செகண்ட் அழுத்தினால் இனிஷியல் செட்டிங் வரும். அங்கே நுழைந்ததும் கன்ட்ரோல் நின்றுவிடும், அதனால் மெஷின் ஓடும்போது போகாதீர்கள். இன்புட் டைப்பில் 5 என்றால் கே டைப், 1300 டிகிரி வரை. 0 என்றால் பிடி100. ஃபேக்டரியிலிருந்து ஆன்-ஆஃப் முறையில்தான் வரும், பிஐடிக்கு நாம்தான் மாற்ற வேண்டும். "ஓம்ரான் வாங்கியும் டெம்பரேச்சர் ஏறி இறங்குது" என்கிற புகாருக்குப் பல இடங்களில் காரணம் இதுவே. ஓம்ரான் இந்தக் கருவியை பிஐடியிலேயே அனுப்பியிருக்கலாம் என்பது நியாயமான எதிர்பார்ப்பு.

ஆட்டோட்யூனை (கருவியே பிஐடி மதிப்புகளைக் கண்டுபிடிக்கும் வசதி) வேலை செய்கிற சூட்டில், வழக்கமான லோடை உள்ளே வைத்துக்கொண்டு செய்யுங்கள். காலி ஓவனில் ட்யூன் செய்த மதிப்பு சரக்கு ஏற்றியதும் பொருந்தாது. இதில் இரண்டு வகை உண்டு: ஏடி-2 அவுட்புட்டை முழுசாகப் போட்டு எடுக்கும், செட்பாயின்ட்டை (நாம் வைத்த சூடு) தாண்டிப் போகும். தாண்டினால் கெட்டுப்போகிற பொருளாக இருந்தால் 40 சதவீதத்தோடு நிற்கிற ஏடி-1.

குறைகள் என்றால், டிஸ்ப்ளேயில் வருகிற சுருக்கெழுத்துகள் புதிதாக வருகிற ஆபரேட்டருக்குப் புரியாது; தமிழில் ஒரு சின்ன அட்டை எழுதி பேனல் கதவின் உள்ளே ஒட்டுவது நல்லது. 48 மில்லிமீட்டர் முதுகில் டெர்மினல்கள் நெருக்கமாக இருப்பதால் தடித்த கேபிளுக்கு இடம் பத்தாது. பத்துப் பன்னிரண்டு கருவிகளுக்கு ஒரே செட்டிங் ஏற்ற வேண்டுமானால் யூஎஸ்பி கேபிள் வாங்கிவிடுங்கள், பவர் இல்லாமலே கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றலாம்.

கடைசியாக நம் பக்கத்துச் சூழல். கருவியைச் சுற்றியுள்ள காற்று 55 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. மே மாதத்தில் தகர ஷெட்டுக்குள் ஃபர்னஸ் பக்கத்தில், எஸ்எஸ்ஆர் சூட்டையும் சேர்த்தால், மூடிய பேனல் அதை எளிதாகத் தொடும். எஸ்எஸ்ஆரை மேலே, கன்ட்ரோலரைக் கீழே வைத்து, ஃபில்டர் போட்ட ஃபேன் ஒன்று கொடுங்கள். கருவிகளை இடைவெளியில்லாமல் ஒட்டி அடுக்கினால் முன்பக்கத்து நீர்த்தடுப்பு கிடைக்காது. ஓஸ் வைத்துக் கழுவுகிற இடங்களில் தனித்தனியாகப் போடுங்கள். எண்ணூர், திருவொற்றியூர் போலக் கடல் காற்று அடிக்கிற இடத்தில் தெர்மோகப்பிள் ஹெட்டின் மூடியும் கிளாண்டும் சரியாக மூடியிருக்க வேண்டும். உப்பும் ஈரமும் உள்ளே போனால் டெர்மினல் பச்சை பூத்து ரீடிங் ஆடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பவரை நிறுத்திவிட்டு ஹெட்டைத் திறந்து, ஸ்க்ரூக்களைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி இறுக்குங்கள்.