வளைத்துப் பார்த்து வாங்கலாம்
நாகர்கோவில் மணிமேடைக்கு அருகிலுள்ள இந்த விளையாட்டுப் பொருள் கடையில், இறகுப்பந்து மட்டையை வாங்குமுன் கையால் வளைத்துப் பார்க்கத் தாராளமாக அனுமதிக்கிறார்கள். ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் சட்டத்தின் உச்சியையும் பிடித்து மெல்ல அழுத்தும்போது, தண்டு எளிதில் வளைந்தால் அது புதிதாக ஆடுபவருக்கு ஏற்ற நெகிழ்வான மட்டை. அசைய மறுத்தால், வேகமாக வீசத் தெரிந்தவருக்கானது. 80 முதல் 84 கிராம் வரையுள்ள 4யூ மட்டைகள் இரண்டை அடுத்தடுத்து வளைத்தபோது, எடைப்பிரிவு ஒன்றானாலும் விறைப்பு வேறு என்பது விரல்களுக்கே தெரிந்தது. ஒரு நிறுவனம் ‘ஸ்டிஃப்’ என்று அச்சிடுவது இன்னொரு நிறுவனத்தின் ‘மீடியம்’ அளவுக்கே இருக்கக்கூடும் என்பதால், இந்தச் சோதனை அவசியம்தான். விற்பனையாளர் சட்டத்தை முறுக்கிக் காட்டியது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. அது தண்டின் விறைப்பைச் சொல்லாது. நரம்பை, கேட்ட இழுவிசையில் நேர்த்தியாகக் கட்டித் தருகிறார்கள். விலைதான் சற்றுக் கூடுதல்.