ஒரே ஒயின், இரண்டு இடம்: ஆறு வருடம் வைத்துப் பார்த்தது

ஆறு வருடங்களுக்கு முன் ஒரே சிவப்பு ஒயினில் பன்னிரண்டு பாட்டில் வாங்கினேன். ஒயின் குளிர்பெட்டியில் ஆறுக்குத்தான் இடம் இருந்தது. அவற்றை 13 டிகிரியில் படுக்க வைத்தேன். மீதி ஆறும் படுக்கையறை அலமாரிக்குப் போயின. வெயில் படாத இடம்தானே என்று நினைத்தேன். வருடத்துக்கு ஒருமுறை இரண்டு இடத்திலிருந்தும் ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

முதல் வருடம் வித்தியாசமே இல்லை. மூன்றாம் வருடம் அலமாரிப் பாட்டிலின் உறையை உரித்தால், தக்கையின் தலை வரை ஒயின் கசிந்து பிசுபிசுவென்று காய்ந்து கிடந்தது. சூட்டில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும். குளிரும்போது சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த அலமாரி குளிர்காலத்தில் 20, கோடையில் 32 டிகிரி வரை போய் வந்தது.

இரண்டு கிளாஸையும் வெள்ளைத் தாள் மேல் சாய்த்துப் பார்த்தேன். குளிர்பெட்டி ஒயினின் விளிம்பு இன்னும் கருஞ்சிவப்பு. அலமாரி ஒயினுக்குச் செங்கல் நிறம் வந்துவிட்டது. வாசனையில் பழம் போய், ஜாம் காய்ச்சிய பாத்திரத்தின் வாடை.

சூட்டில் வைத்தால் சீக்கிரம் முதிரும், அவ்வளவுதான் என்று சிலர் சொல்வார்கள். நான் குடித்துப் பார்த்தவரை அப்படி இல்லை. வெப்பம் ஏறினால் எல்லா மாற்றங்களும் ஒரே அளவில் வேகமாவதில்லை. அதனால் அலமாரி ஒயின் முதிரவில்லை, வெந்துபோனது. குளிர்பெட்டியில் இருந்தது ஐந்தாம் வருடம் துவர்ப்பு அடங்கி, பதனிட்ட தோலும் காய்ந்த இலையும் கலந்த மணத்துக்கு வந்தது. அதற்காகத்தானே இவ்வளவு காத்திருந்தேன்!

குளிர்பெட்டி பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் வாங்கியது கம்ப்ரஸர் இல்லாத வகை. சத்தம், அதிர்வு எதுவும் கிடையாது. ஆனால் அறை 35 டிகிரியைத் தொட்ட நாட்களில் 18-க்குக் கீழே இறங்கவில்லை. முதல் கோடையிலேயே கம்ப்ரஸர் உள்ளதாக மாற்றிவிட்டேன். அப்புறம், முகப்பில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அதில் தெர்மாமீட்டரைப் போட்டுப் பாருங்கள். என் பெட்டியின் மேல்தட்டு இரண்டு டிகிரி கூடுதல்.

சமையலறை ஃபிரிட்ஜ் சில வாரங்களுக்குச் சரி. வருடக்கணக்கில் வைத்தால் அந்த வறண்ட காற்றில் தக்கை காய்ந்து சுருங்கும். 4 டிகிரியில் ஒயினும் முதிராமல் கிட்டத்தட்ட அப்படியே நின்றுவிடும். அடியில் கண்ணாடித்துகள் போல ஏதாவது தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது ஒயினிலுள்ள டார்டாரிக் அமிலத்தின் உப்புதான்.

இப்போது அலமாரியில் நான் வைப்பது, அந்த மாதத்துக்குள் திறக்கப்போகும் பாட்டில்களை மட்டும்.