வடிகாலில் இறங்கும் சூடு: டெல்டா வீட்டுக்கு எந்த வழி பொருந்தும்?

குளித்த வெந்நீர் வடிகாலில் இறங்கும்போதும் அதன் சூட்டில் பெரும்பகுதி தண்ணீரிலேயே இருக்கிறது. அதை மீட்கும் கருவி கனடா போன்ற குளிர்நாடுகளின் வீடுகளில் பயன்பட்டு வருகிறது. செங்குத்தான செப்பு வடிகுழாயின் மேல் மெல்லிய செப்புக் குழாயை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். கழிவுநீர் உட்சுவரை ஒட்டிப் படலமாக வழிய, வெளிச்சுற்றில் ஏறும் நல்ல தண்ணீர் அதனோடு கலக்காமலே சூட்டை வாங்கிக்கொண்டு கீசருக்குப் போகும். மோட்டார் இல்லை, மின்சாரமும் வேண்டாம். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ இன்று வீடு கட்டுபவர் இதைச் சோலார் வாட்டர் ஹீட்டரோடும், காற்றின் வெப்பத்தால் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப்போடும் ஒப்பிட்டால், முடிவு குளிர்நாட்டு முடிவாக இருக்காது.

காரணம் தொட்டித் தண்ணீரிலேயே இருக்கிறது. குளிர்நாட்டில் குழாய்த் தண்ணீர் 8 டிகிரியில் வருவதாகவும், குளித்த நீர் 37 டிகிரியில் வடிவதாகவும் கொண்டால், இடைவெளி 29 டிகிரி. அதில் பாதியைக் கருவி மீட்டால் 60 லிட்டர் ஷவர் குளியலுக்குச் சுமார் 1 யூனிட் மிச்சம். நம் மொட்டை மாடித் தொட்டியின் தண்ணீரை மார்கழி விடியலுக்கு 25 டிகிரி என்று வைத்துக்கொண்டால் இடைவெளி 12 டிகிரிதான். அதே கருவி, அதே குளியல், மிச்சமாவது 0.4 யூனிட். கோடையில் வெந்நீரே தேவைப்படாத வீடுகள் இங்கே ஏராளம் என்பதால், அந்த மாதங்களில் கருவிக்கு வேலையே இல்லை.

அதைவிடப் பெரிய தடை வாளிக் குளியல். ஷவரில் வெந்நீர் வடிகிற அதே நேரத்தில் புதுத் தண்ணீரும் கீசருக்குள் நுழைவதால்தான் சூடு கைமாறுகிறது. வாளியை நிரப்பிக் குழாயை மூடிவிட்டுக் குளிப்பவர் வீட்டில், வடிநீர் இறங்கும்போது சூட்டை வாங்கிக்கொள்ள எதிரே தண்ணீர் ஓடுவதில்லை. ஆனால் இதை இழப்பாகக் கருத வேண்டாம்: 20 லிட்டர் வாளியை 25இலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க 0.35 யூனிட் போதும். 60 லிட்டர் ஷவருக்கு ஏறத்தாழ 1.05 யூனிட் வேண்டும். கருவி மீட்பதைவிட வாளி சேமிப்பது அதிகம். தரைத்தள வீடுகளில் குளியலறை நீர் கிடைமட்டமாகக் கொல்லைப்புற வாழைக்கும் தென்னைக்கும் போவதால், செங்குத்துக் குழாய்க்கு அங்கே இடமும் இல்லை.

சோலார் ஹீட்டருக்கு ஆண்டின் பெரும்பகுதி வெயில் துணை நிற்கிறது. அதன் குறை ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழை. வெந்நீர் விரும்பப்படும் ஈரமான நாள்களிலேயே அது தளர்ந்துவிடுவதால், உள்ளே மின்சுருள் ஒன்று இருந்தாக வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் இடங்களில் தட்டை வகையின் ஒடுங்கிய செப்புக் குழாய்கள் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். அங்கே அகலமான கண்ணாடிக் குழாய் வகையே மேல். 2018 நவம்பரில் கஜா புயல் கண்ட கடலோரத்தில், தாங்கும் சட்டத்தைத் தளத்தோடு இறுக்கிப் பிணைப்பதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

ஹீட் பம்ப் காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குத் தருகிறது. 1 யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 3 யூனிட் சூடு கிடைக்கும். காற்று வெதுவெதுப்பாக இருக்க இருக்க அது நன்றாக உழைக்கும் என்பதால் டெல்டாவின் தட்பவெப்பம் அதற்கு வாய்ப்பானது, மழை நாளிலும் நிற்காது. விலைதான் அதிகம். ஆளுக்கொரு வாளி வெந்நீர் போதுமென்றிருக்கும் நால்வர் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 1.4 யூனிட்டே ஆகும்போது, அதில் போட்ட பணத்தைத் திரும்ப எடுப்பது கடினம். கூட்டுக்குடும்பத்துக்கும் முதியோர் உள்ள வீட்டுக்கும் பொருந்தும். வெயில் தடையின்றி விழும் தளம் இருந்தால் சோலாரையும், பக்கத்துக் கட்டடத்தின் நிழலில் தளம் இருந்தால் ஹீட் பம்பையும் எடுக்கலாம் என்பதே என் முடிவு.

வடிகால் கருவி ஒதுக்கத்தக்கது என்று இதற்குப் பொருளில்லை. வேளாங்கண்ணியிலும் கும்பகோணத்திலும் உள்ள பல மாடி விடுதிகளில் யாத்ரீகர்கள் விடியலில் ஒரே நேரத்தில் ஷவரைத் திறக்கிறார்கள். வெந்நீர் வடிவதும் புதுத் தண்ணீர் ஏறுவதும் சேர்ந்தே நடக்கின்றன. செங்குத்துக் குழாய் கட்டடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 2028 மகாமகத்தை எண்ணிப் புது விடுதி எழுப்புவோர், குளியலறை வடிகுழாயைக் கழிப்பறைக் குழாயோடு சேர்க்காமல் தனியாக இறக்கி, ஆள் உயரத்துக்குக் குறையாத நேர்ப்பகுதியைக் கை எட்டும் இடத்தில் விட்டுவைத்தால், கருவியைப் பிறகு பொருத்தவும் சுவரை உடைக்க வேண்டியிராது.